சோறு போதுமா? பங்கு வேண்டாமா?

(சென்னை மயிலாப்பூரில் தோழர்கள் கூட்டிய கூட்டம் ஒன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஜாதியைப் பற்றியும், மதத்தைப் பற்றியும், பெண்ணடிமையைப் பற்றியும் பேச்சு இருக்குமென்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவைகளும் வரத்தான் போகின்றன. ஆனால் வேறொரு வாசல் வழியாக வரும். பிறவியிலேயே புத்தி வளர்ச்சி மெதுவாக இருக்கிற பிள்ளைகளுக்கும், அப்படியே வளர்ந்துவிட்ட ஆண் பெண்களுக்கும் இந்தச் சமூகத்தில் என்ன இடம் இருக்கிறது என்பதே இன்றைய பேச்சாகும். ஊரார் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை நீங்கள் அறிவீர்கள்: அசடு, மண்டு, லூசு, அரைக்கிறுக்கு. சர்க்கார் காகிதங்களில் முன்பு மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதினார்கள். இப்போது அறிவுசார் குறைபாடு உடையவர் என்று எழுதுகிறார்கள். 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கு இந்தியாவில் இவர்கள் 15 லட்சத்துக்குச் சற்று அதிகம் என்று காட்டிற்று. கணக்கெடுக்க வந்தவரிடம் எத்தனை வீடுகளில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், இந்தத் தொகை மிகவும் குறைவென்றே கருதுகிறோம். தங்கைக்கு வரன் தட்டிப்போகுமென்று பயந்து, பெண் பார்க்க வருகிற அன்றைக்கு அண்ணனை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துகிற ஊர் அல்லவா இது!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பைத்தியம் என்று ஜனங்கள் சொல்லும் மனநோய் வேறு, இது வேறு. மனநோய் என்பது எந்த வயதிலும் எவருக்கும் வரக்கூடிய ஒரு வியாதி, வைத்தியத்தினால் தணியக்கூடியது. புத்தி வளர்ச்சி மெதுவாயிருப்பது வியாதியல்ல. பிறவியிலோ சிறு பிராயத்திலோ ஏற்பட்டு ஆயுள் பூராவும் கூட இருக்கும் ஒரு நிலை. இவையன்றி, மற்றெல்லாவற்றிலும் கெட்டிக்காரர்களாயிருந்து எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் தடுமாறுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தியாகராய நகரிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களின் தொடக்கத்திலிருந்து அவர்களுக்காக வேலை செய்து வருகிறது. இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பினவர்கள் படியாத ஜனங்கள் மட்டுமல்ல. 1912-ம் வருஷத்து இந்தியப் பைத்தியக்காரர் சட்டமானது, பைத்தியம் என்பதற்கு அர்த்தம் சொல்லும்போதே பிறவியில் அறிவு வளராதவனையும் அதில் சேர்த்துவிட்டது. அதைப் பிரித்து எழுத 1987-ல் இயற்றிய மனநலச் சட்டம் வரைக்கும் 75 வருஷம் ஆயிற்று.

நிற்க. இந்த நிலை ஏன் ஏற்படுகிறது? முன்ஜென்ம வினை, தலையெழுத்து, நாகதோஷம், பித்ரு சாபம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள். விஞ்ஞானம் வேறு சொல்லுகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு நுண்ணறையிலும் இரண்டிரண்டாக இருக்க வேண்டிய குரோமோசோம்களில் 21-வது மட்டும் மூன்றாக இருந்துவிட்டால் ஒரு வகைக் குழந்தை பிறக்கிறது என்பதை 1959-ல் பாரிஸில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கர்ப்ப ஸ்திரீக்கு ஆகாரத்தில் அயோடின் போதாமை, பிரசவ நேரத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டிப்போவது, மூளைக் காய்ச்சல் இவைகளும் காரணமாகின்றன. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கின இரத்தத்தில் கல்யாணம் செய்வதனால் சில பரம்பரை வியாதிகள் வருவதற்கு இடம் அதிகமாகிறது. ஒரு சிட்டிகை அயோடின் உப்பு தடுக்கிற கேட்டை, ஒன்பது கோயிலைச் சுற்றி வந்தாலும் தடுக்க முடியாது. அறிய முடியாத காரணங்களும் இன்னும் பல உண்டு. அறியாததை அறியவில்லை என்று சொல்லுவதுதான் யோக்கியமே ஒழிய, அந்த இடத்தில் ஒரு தாயத்தைத் தொங்கவிடுவது யோக்கியமாகாது.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாய்ப் போய்விடும்" என்று ஒரு ஜோசியன் சொல்ல, அதைக் கேட்டு ஏழை வீட்டுப் பெண் ஒருத்திக்கு விஷயத்தைச் சொல்லாமலே தாலி கட்டி வைக்கிறார்கள். மாப்பிள்ளையையும் ஏமாற்றி, பெண்ணையும் ஏமாற்றுகிற இந்தக் காரியத்துக்கு அய்யர் வைத்து மந்திரமும் சொல்லுகிறார்கள்!

இதே மூடநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கண்டோம். கனவில் உத்தரவு கிடைத்தால் குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்டிருந்த ஒரு தனியார் விடுதியின் ஓலைக் கொட்டகையில் அன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த காரணத்தால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். கட்டினவன் எந்த மதத்தான், நம்பினவன் எந்த மதத்தான் என்று பார்க்க வேண்டியதில்லை. எல்லா மதத்தாரும் தங்கள் வீட்டு மனிதரை அங்கே கொண்டு விட்டார்கள்.

இனி நம் பேச்சின் முக்கியமான பாகத்துக்கு வருவோம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, கோட்டூர்புரம் ஆகிய இந்தப் பகுதியில் நல்ல ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற ஸ்தாபனம் 1985 முதல் நடந்து வருகிறது. தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல், பிறந்த குழந்தையிலிருந்து 6 வயது வரை உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. குழந்தையை விட்டுவிட்டுப் போகாமல் தாயும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே முறை. இவைகளை நாம் பாராட்டுகிறோம். ஆனால் இவ்வூர்ப் பெரிய மனிதர்கள் இத்தகைய பிள்ளைகளோடு வைத்துக்கொண்டிருக்கும் சம்பந்தம் என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் சாப்பாட்டுச் சம்பந்தந்தான். வீட்டில் பிறந்தநாள், திவசம், அறுபதாங்கல்யாணம் என்றால் ஏதாவது ஒரு விடுதிக்கு டெலிபோன் செய்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, வடை பாயசத்தோடு காரில் வந்து இறங்குகிறார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, பணம் கட்டினவரின் பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாடச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே கனவான், தன் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளை ஒன்றைச் சேர்த்து அடுத்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றால், "எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும்" என்று தலைமையாசிரியரிடம் முதல் ஆளாகப் போய் நிற்கிறார். பாயசம் கொடுக்கலாம், பெஞ்சில் பங்கு கொடுக்கக் கூடாது!

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமல்ல. மனுதர்மத்தில், தகப்பன் சொத்தில் யார் யாருக்குப் பாகமில்லை என்று ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு ஜாபிதா இருக்கிறது. பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பித்தர், புத்தி வளராதவர், அங்கம் குறைந்தவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த சுலோகத்திலேயே, பாகத்தை எடுத்துக்கொண்டவன் இவர்களுக்குக் குறைவில்லாமல் சோறும் துணியும் கொடுத்துவர வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறது. சோறு உண்டு, பங்கு இல்லை. தர்மம் என்பதன் சூட்சுமம் பூராவும் இந்த இரண்டு சுலோகத்தில் அடங்கிவிட்டது. ஏன் இப்படிப் பிறந்தார்கள் என்பதற்குப் பதினோராவது அத்தியாயம் பதில் சொல்லுகிறது. முன் செய்த பாவத்தின் மிச்சமாம்! திருடனுக்குக்கூடக் குற்றப்பத்திரிகை படித்துக் காட்டுகிறார்கள். இந்தக் குழந்தைக்கு அதுவும் கிடையாது.

"இதெல்லாம் பழைய ஏட்டுச் சுரைக்காய், யார் இப்போது மனுவைப் பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். வெள்ளைக்காரன் கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் பார்த்தான். 1928-ம் வருஷத்தில் இந்து வாரிசுத் தடை நீக்கச் சட்டம் என்று ஒன்றை இந்தியச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். குருடனுக்கு, செவிடனுக்கு, குஷ்டரோகிக்கு இனிமேல் பங்கு உண்டு என்றார்கள். சந்தோஷம். ஆனால், பிறவியிலிருந்தே பைத்தியமாகவோ புத்தி வளராதவனாகவோ உள்ளவன் மாத்திரம் இதற்கு விலக்கு என்று அதிலேயே எழுதினார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு, தனக்காகப் பேச வாய் இல்லாத ஒருவன் முகத்தில் மட்டும் சாத்தினார்கள். அடுத்த வருஷம், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது, வைதீகர்கள் சொன்ன ஆட்சேபணைகளில் ஒன்று பெண்ணுக்குச் சொத்தை ஆளப் புத்தி போதாது என்பது. புத்தி போதாது என்ற அந்த ஒரே பூட்டைத்தான் இரண்டு கதவிலும் போட்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பூட்டு 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 28-வது பிரிவினால் உடைந்தது. வியாதி, குறை, அங்கவீனம் எதன் காரணமாகவும் எவரும் பங்கு இழக்கமாட்டார் என்று அது சொல்லுகிறது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்குச் சமபங்கு வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் இப்படியிருக்க, நடப்பு எப்படியிருக்கிறது? இந்த மாடவீதிகளைச் சுற்றியுள்ள பழைய ஓட்டு வீடுகளையெல்லாம் இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தகப்பனார் இடத்தைக் கட்டடம் கட்டுகிறவனிடம் கொடுத்து, நான்கு வீடு திரும்பக் கிடைக்கிறதென்று வையுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அமெரிக்காவிலிருக்கும் தமக்கைக்கு ஒன்று என்று கணக்குப் போடுகிறார்கள். மிஞ்சினதை வாடகைக்கு விட்டுப் பொதுவில் வைக்கிறார்கள். புத்தி மெதுவான தங்கைக்கு? "அவளுக்கு எதற்குத் தனியாக? நம்முடன் இருந்துவிட்டுப் போகிறாள், ஒரு பிடி சோறு போட மாட்டோமா?" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் அவள் கைநாட்டை வாங்கிக்கொள்ளுகிறார்கள். சொல்லுகிறவர்கள் கொடியவர்களல்ல, பாசமாகவே சொல்லுகிறார்கள். ஆனால் சொல்லுவது மனு சொன்னதைத்தான்.

"அவள் பெயரில் வீட்டை எழுதினால் எவனாவது ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்ள மாட்டானா?" என்பது நியாயமான பயந்தான். தாயார் தகப்பனார் வயதாகிப் படுத்த வீடுகளில் ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணமே, "நமக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற ஒரே கேள்விதான். அதை நாம் லேசாகப் பேச வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மயிலாப்பூர் வக்கீல்களுக்குப் பேர் போன இடம். எவ்வளவு பெரிய ஜமீன்தாராயிருந்தாலும் சட்டம் புரியாவிட்டால் வக்கீல் வைத்துக்கொள்ளுகிறான். கணக்குப் புரியாவிட்டால் ஆடிட்டர் வைத்துக்கொள்ளுகிறான். வக்கீல் வைத்துக்கொண்டதனால் ஜமீன் வக்கீலுக்குப் போய்விடுவதில்லை. (சில சமயம் போய்விடுவதும் உண்டு, அது வேறு சங்கதி.) உதவி பெறுகிறவன் உரிமையை இழந்தவன் என்று ஜமீன்தார் விஷயத்தில் சொல்லாத நாம், இந்தப் பெண் விஷயத்தில் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? 2006-ல் அய்க்கிய நாடுகள் சபை ஏற்படுத்திய உடன்படிக்கையும், அதை 2007-ல் ஒப்புக்கொண்ட இந்தியா 2016-ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைத்தான் சொல்லுகின்றன. அவரையும் கலந்துகொண்டு, இன்ன விஷயத்துக்கு, இவ்வளவு காலத்துக்கு என்று எல்லை கட்டிய காப்பாளரைத்தான் அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு அனுமதிக்கிறது. அவர் இஷ்டம் இன்னதென்று கேட்டு அதன்படி நடப்பதே காப்பாளரின் வேலை. அவர் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளுவதல்ல.

2009-ல் சண்டிகரில் நடந்ததைக் கேளுங்கள். சர்க்கார் விடுதியில் இருந்த, புத்தி வளர்ச்சி சற்றுக் குறைந்த, பெற்றோரில்லாத ஒரு பெண், அவளைக் காப்பாற்ற வேண்டிய இடத்திலேயே பலாத்காரம் செய்யப்பட்டுக் கர்ப்பமானாள். கர்ப்பத்தைக் கலைத்துவிடும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அவளோ குழந்தை வேண்டுமென்றாள். சுப்ரீம் கோர்ட்டு அவள் சொல்லை மதித்து, அவள் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பற்றி எத்தனை பேர் எத்தனை நாள் பேசினார்கள்! அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்கு நாட்டின் தலைமைக் கோர்ட்டு வரையில் போக வேண்டியிருந்தது.

நம் தோழர்களில் ஒருவர் முன்பொரு சமயம் ஒரு கேள்வி கேட்டார். "பகுத்தறிவுதான் மனிதனுக்கு அழகு என்று சொல்லுகிற நாம், அந்த அறிவே குறைந்தவர்களைச் சமமென்று எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். இது தட்டிக்கழிக்கத் தக்க கேள்வியல்ல. நம் இயக்கம் பகுத்தறிவைச் சொன்னது, அறிவுள்ளவன் அறிவில்லாதவன் தலையில் உட்காருவதற்கல்ல; இருக்கிற அறிவை உபயோகிக்க ஒட்டாமல் தடுப்பவனை விலக்குவதற்காக. நான்கு வேதம் படித்தவனுக்கும் எழுத்தே தெரியாத பறையனுக்கும் சக்கிலிக்கும் ஒரே கிணறு, ஒரே தெரு, ஒரே பந்தி என்று கேட்டபோது, பரீட்சை வைத்துப் பாஸ் செய்தவனுக்கு மட்டும் என்றா கேட்டோம்? சமத்துவத்தை மார்க்குப் போட்டுக் கொடுப்பதென்றால், மார்க்குப் போடுகிறவன் கையில்தான் அது எப்போதும் இருக்கும்.

அப்படி மார்க்குப் போட்ட தேசங்களின் கதியும் தெரிந்ததே. 1905-ல் பிரான்சில் பினே என்ற அறிஞர், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதற்காக ஒரு புத்தி அளவை ஏற்படுத்தினார். அது அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும், உதவி செய்வதை விட்டுவிட்டு முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். 1927-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, புத்தி குறைந்தவள் என்று சொல்லப்பட்ட கேரி பக் என்ற பெண்ணுக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்வது சட்டப்படி சரியே என்றது. ஜெர்மனியிலோ ஹிட்லர் கூட்டத்தார் 1933-ல் கருத்தடைச் சட்டத்தில் தொடங்கி, 1940, 1941 இரண்டு வருஷத்தில் மட்டும் சுமார் 70,000 பேரை வைத்தியர்களின் கையெழுத்தோடு விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். படித்தவர்கள் நிறைந்த தேசம் அது.

ஆகவே, எதிர்க்கட்சிக்காரனைத் திட்டுவதற்கு மேடைகளில் "மண்டு", "மூளை வளராதவன்" என்று சொல்லுகிற வழக்கத்தைப் பேச்சாளர்கள் விட்டுவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். புரோகிதன் அயோக்கியன் என்றால் அயோக்கியன் என்று சொல்லுங்கள். அவனுக்குப் புத்தி குறைவாயிருந்தால் இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்க முடியுமா?

சரி, எப்படி உதவுவது என்று கேட்பீர்கள். இந்த வித்தை நம் இயக்கத்தாருக்குப் புதிதல்ல. எழுத்து வாசனை இல்லாத ஜனங்கள் நடுவில், படிப்பகத்திலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையைப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு, தங்கள் உரிமை இன்னதென்று தெரிந்துகொண்டார்கள். படிக்கத் தெரியாததனால் புரியாது என்று யாரும் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அதே காரியந்தான் இது. சிறு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். படமோ பொருளோ காட்டிக் கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பதுதான் படித்தவர்களுக்கு வருவதில்லை! அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் 1974-ல் இத்தகையவர்கள் தாங்களாகவே கூட்டம் கூட்டி, தாங்கள் முதலில் மனிதர்கள் என்ற பொருள்பட ஒரு பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். டாக்டர்களும் பெற்றோர்களும் பேசினதுபோக, சம்பந்தப்பட்டவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

வேலை விஷயத்தில், 2016-ம் வருஷச் சட்டம் சர்க்கார் உத்தியோகங்களில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதில் ஒரே ஒரு சதவீதத்தில், அறிவுசார் குறைபாடுடையவரும், ஆட்டிசம் உள்ளவரும், எழுத்துத் தடுமாற்றமுள்ளவரும், மனநோயுள்ளவரும், பல குறைபாடு ஒருங்கே உள்ளவரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அதிலும் பரீட்சை என்று ஒன்று வைத்தால் யார் ஜெயிப்பார், யார் வெளியே நிற்பார் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறோம். வகுப்புவாரி உரிமை கேட்ட நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

2025-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் செய்தது. பாராட்ட வேண்டிய காரியம். அந்த நாற்காலிகளில் கண் தெரியாதவரும் கால் இல்லாதவரும் உட்காருவதோடு, நம் பேச்சுக்குரிய இவர்களில் ஒருவரும், பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒரு துணையோடு, எங்காவது உட்காருவாரா? தெருவிளக்கு எரியவில்லை, பஸ் ஏறப் பயமாயிருக்கிறது, ரேஷன் கடைக்காரன் கத்துகிறான் என்று சொல்லுவதற்கு எத்தனை புத்தி வேண்டும்? மற்ற கவுன்சிலர்கள் இதைவிடப் பெரிதாக என்ன பேசிவிடுகிறார்கள்?

கடைசியாக ஒரு வேலை சொல்லுகிறோம். கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில், மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகம் இருக்கிறது. இங்கிருந்து நடந்தே போகலாம். பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள், பாங்கியில் கணக்குத் திறக்க மறுத்தார்கள், பங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று உங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருந்தால் அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். போகிற வழியில் அவர் தகப்பனாரிடம் மட்டும் பேசிக்கொண்டு போகாமல், அவரிடமும் பேசுங்கள். இப்போது தோழர்கள் கேள்விகள் கேட்கலாம்.